வீவக வீட்டில் ஆமை: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி?

சிவப்புக் காது ஆமை வளர்க்கும் நண்பர்களும் உறவினர்களும் எனக்கு அனுப்பும் வாட்ஸ்அப் செய்தி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "அண்ணே, ஆமை சாப்பிட மாட்டேங்குது, என்ன மருந்து வாங்கலாம்?" கூடவே மங்கலாக ஒரு படம். மருந்தைப் பற்றிப் பேசும் முன் நான் மூன்று கேள்வி கேட்பேன். தண்ணீர் எத்தனை டிகிரி? மேலே எரிவது என்ன விளக்கு? கடைசியாகத் தண்ணீர் மாற்றியது எப்போது? பதில் வரும்போதே பாதி விஷயம் விளங்கிவிடும். ஆமைக்கு வரும் சீக்கில் பெரும்பங்கு தொட்டியில்தான் தொடங்குகிறது. அதனால் ஆமையைத் தூக்கிப் பார்க்கும் முன் தொட்டியைப் பாருங்கள்.

உங்கள் ஆமைக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேரே போய்விடலாம். ஒவ்வொன்றிலும் காசில்லாமல் சரிசெய்யக்கூடியதை முதலிலும், காசு கேட்பதைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். கையில் ஒரு தண்ணீர் வெப்பமானி, கிராம் காட்டும் சின்னத் தராசு, கைப்பேசி இருந்தால் போதும். தராசை ஆமைக்கென்று தனியாக வாங்குங்கள். மாவு நிறுக்கும் தராசில் ஆமையை வைத்தால் வீட்டில் சண்டையும் வரும், சால்மோனெல்லா என்ற வயிற்றுக் கிருமியும் வரும்.

அறிகுறி: வீட்டில் ஒருவர் உடும்பு வேண்டும் என்கிறார்

இதையும் ஒரு கோளாறாகவே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அடிக்கடி கேட்கிறார்கள். சுங்கை பூலோவிலோ பீஷான் – அங் மோ கியோ பூங்காவிலோ ஒரு நீர் உடும்பு நாக்கை நீட்டி நீட்டி நடந்து போவதைப் பார்த்திருப்பார்கள். இல்லையென்றால் வெளிநாட்டில் யாரோ உடும்பை மடியில் வைத்துக் கொஞ்சும் காணொளியாக இருக்கும்.

பதில் சுருக்கமானது. சிங்கப்பூரில் உடும்பைச் செல்லப்பிராணியாக வளர்க்க அனுமதி இல்லை. பூங்காவில் பிடித்தது, ஜோகூரிலிருந்து வந்தது, டெலிகிராமில் யாரோ விற்றது, எதுவானாலும் அப்படித்தான். இகுவானா, பாம்பு, சிறுத்தைப் பல்லி எல்லாம் இதே கணக்கு. ஊர்வனவற்றில் சிவப்புக் காது ஆமைக்கும் மலாயாப் பெட்டி ஆமைக்கும்தான் இங்கே இடம். வேறு எதையாவது யாராவது நீட்டினால், பணத்தைக் கொடுக்கும் முன் தேசியப் பூங்காக் கழகத்தின் பட்டியலைப் பாருங்கள்.

உடும்பு தானாகவே புளோக்கின் கீழ்த்தளத்துக்கு வந்துவிட்டால் அது வேறு கதை. மூலையில் மடக்காதீர்கள், வாலால் அடிக்கும். போக வழிவிட்டால் கால்வாய்ப் பக்கம் தானே போய்விடும். அடிபட்டுக் கிடந்தாலோ வீட்டுக்குள் நுழைந்து வெளியே போகத் தெரியாமல் நின்றாலோ கழகத்தை அழையுங்கள்.

சரி, ஆமைக்கு வீட்டில் எல்லாரும் சம்மதித்துவிட்டார்கள் என்றால், கடைக்குப் போகும் முன் ஒரு விஷயத்தை அவர்களிடம் சொல்லிவிடுங்கள். ஒரு வெள்ளி நாணயத்தைவிடச் சற்றே பெரிதாக வரும் அந்தக் குட்டி, பெண்ணாக இருந்தால் 25 செ.மீ. வரை வளரும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 20, 30 ஆண்டு இருக்கும். இன்று தொடக்கப்பள்ளியில் இருக்கும் பிள்ளைக்குத் திருமணம் ஆகும்போதும் ஆமை உங்களிடம்தான் இருக்கும். சிராங்கூன் நார்த் அவென்யூ 1 பக்கம் கடைகளில் பார்க்கும்போது கண் இரண்டும் திறந்திருக்கிறதா, மூக்கு காய்ந்திருக்கிறதா, கையில் எடுத்ததும் காலை உதைத்துக் கோபப்படுகிறதா என்று பாருங்கள். கையில் சாதுவாகக் கிடக்கும் குட்டி வேண்டாம்.

அறிகுறி: சாப்பிடவில்லை

வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை என்றால் ஒன்றும் செய்யாதீர்கள். புது இடம், புதுச் சத்தம். தீனி போட்டுவிட்டு அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றால் அது எப்படிச் சாப்பிடும்?

*தொட்டி படுக்கையறையில் இருக்கிறதா?*

நம் ஊரில் அதிகம் பார்ப்பது இந்தக் காரணத்தைத்தான். "சிங்கப்பூர் வெயிலுக்கு ஹீட்டர் எதற்கு?" என்று கேட்பார்கள். கூடத்தில் வைத்த தொட்டிக்கு அது சரி. ஆனால் இரவு முழுக்க ஏர்கான் ஓடும் அறையில் தண்ணீர் விடியும்போது 23 டிகிரிக்குக்கூட இறங்கியிருக்கும். தொட்டி சின்னதாக இருந்தால் இன்னும் வேகமாகக் குளிரும். மாலையில் வேலை முடிந்து வந்து அளந்தால் 28 காட்டும், "எல்லாம் சரியாகத்தானே இருக்கு" என்பார்கள். விடியற்காலையில் ஏர்கானை அணைக்கும் முன் அளந்து பாருங்கள். குளிர்ந்த உடம்பில் ஆமைக்குச் செரிமானம் நடக்காது, பசியும் எடுக்காது. தண்ணீர் 25 முதல் 28 டிகிரிக்குள் நிற்க வேண்டும். குட்டியாக இருந்தால் 28 பக்கம். செலவில்லாத வழி, தொட்டியைக் கூடத்துக்கு மாற்றுவது. மாற்ற இடமில்லை என்றால் காப்புக் கூடு போட்ட ஹீட்டர். வெறும் கண்ணாடி ஹீட்டரை ஆமை முட்டி உடைத்துவிடும்.

*ஏறிக் காய இடம் இருக்கிறதா?*

உடம்பு முழுக்கத் தண்ணீரை விட்டு வெளியே வந்து காய்கிற மாதிரி ஒரு மேடை வேண்டும். விளக்கின் கீழே அந்த மேடை 32 டிகிரி அளவில் இருக்கட்டும். பிளாஸ்டிக் தென்னை மரம் வைத்த அந்தச் சின்ன வட்டத் தொட்டி கண்ணுக்கு அழகு, ஆமைக்கு உதவாது.

*வேறு யாராவது ஏற்கெனவே ஊட்டிவிட்டார்களா?*

தாத்தா, பாட்டி, வேலைக்கு வரும் அக்கா, பிள்ளைகள் என்று நான்கைந்து பேர் இருக்கும் வீட்டில் ஆமை ஒவ்வொருவரிடமும் பட்டினி கிடந்த மாதிரியே நடிக்கும். குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாளை ஒட்டுங்கள், போட்டவர் கையெழுத்துப் போடட்டும். அளவு, அதன் தலை கொள்ளும் அளவுக்குத் தீவனம். குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு ஒருநாள் விட்டு ஒருநாள்.

*காய்ந்த இறால் கொடுத்துப் பழக்கிவிட்டீர்களா?*

டப்பாவில் வரும் காய்ந்த இறால் ஆமைக்கு முறுக்கு மாதிரி. பிடிக்கும், சத்து கிடையாது. அதை ருசித்த ஆமை உருண்டைத் தீவனத்தைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். திடமாக இருக்கும் ஆமை என்றால் சில நாள் பிடிவாதம் பிடிக்க விடுங்கள். இறாலை முழுக்க நிறுத்திவிட்டு உருண்டையும், கொஞ்சம் காங்கோங் கீரையும் மட்டும் போடுங்கள். பசி வந்தால் இறங்கி வரும். வீட்டில் பெரியவர்கள்தான் மனம் தாங்காமல் இரண்டாம் நாளே டப்பாவைத் திறந்துவிடுவார்கள்.

*எப்போது மருத்துவர்?*

எல்லாம் சரிசெய்தும் வளர்ந்த ஆமை இரண்டு வாரம் சாப்பிடவில்லை, குட்டி ஒரு வாரம் சாப்பிடவில்லை, அல்லது எடை பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது என்றால் கொண்டுபோய்விடுங்கள். சாப்பிடாததோடு கீழே உள்ள அறிகுறி ஏதாவது சேர்ந்திருந்தால் இந்தக் கெடுவெல்லாம் கிடையாது.

அறிகுறி: கண் வீங்கி மூடியிருக்கிறது

ஒரு கண்ணா, இரண்டு கண்ணா என்று முதலில் பாருங்கள். ஒன்று மட்டும் என்றால் கீறலோ கடியோ இருக்கலாம். கூட இன்னொரு ஆமை இருந்தால் உடனே பிரித்து வையுங்கள். இரண்டும் வீங்கியிருந்தால் தண்ணீர் அல்லது சாப்பாடு.

தண்ணீரைப் பற்றி ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. குழாய்த் தண்ணீரை இரவு வாளியில் பிடித்து வைத்துக் காலையில் ஊற்றுவது. வெறும் குளோரின் என்றால் பறந்துபோகும். இங்கே குழாய்த் தண்ணீரில் பொதுப் பயனீட்டுக் கழகம் சேர்ப்பது குளோரமின், அது ஓர் இரவில் போகாது. மீன் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கி வாங்கி, புட்டியில் போட்டிருக்கும் அளவுக்குக் கலந்து ஊற்றுங்கள். குளோரமினையும் நீக்கும் என்று புட்டியில் எழுதியிருக்க வேண்டும். அதற்கும் முன்னால், மூத்திரம் சேர்ந்து கண்ணை எரிக்கும் பழைய தண்ணீரை மாற்றுங்கள்.

சாப்பாடு என்றால் வைட்டமின் ஏ குறைவு. சோறு, ரொட்டி, மீன் துண்டு, காய்ந்த இறால் என்றே வளர்ந்த ஆமைக்கு இது வரும். நல்ல உருண்டைத் தீவனம், துருவிய கேரட், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கீரை என்று மாற்றினால் வராது. வந்த பிறகு இதில் ஒரு சிக்கல் உண்டு. கண் தெரியாத ஆமை தீனியைத் தேடாது, அதனால் நல்ல தீனி போட்டும் பயன் இல்லை. தண்ணீர் மாற்றி மூன்று நாளில் கண் திறக்கவில்லை என்றால் மருத்துவர்தான். வீட்டில் மிச்சமிருக்கும் மனிதர் சொட்டு மருந்தை ஊற்றாதீர்கள். வைட்டமின் ஏ மாத்திரையை உடைத்துக் கொடுப்பதும் வேண்டாம். அது அளவு மீறினால் தோல் உரிந்துவிடும்.

அறிகுறி: ஒரு பக்கம் சாய்ந்து மிதக்கிறது

இதற்கு மலிவான காரணம் என்று ஒன்றும் இல்லை. ஒரே ஒரு சோதனைதான். தீனி போட்டுப் பாருங்கள். தூக்கத்தில் கோணலாக மிதந்த ஆமை நேராகி, முங்கி எடுத்துச் சாப்பிடும். முங்க முடியவில்லை, எப்போதும் அதே பக்கம் சாய்கிறது, மூக்கில் குமிழி வருகிறது, வாயைத் திறந்து கழுத்தை நீட்டி மூச்சு இழுக்கிறது, 'க்ளிக் க்ளிக்' என்று சத்தம் கேட்கிறது, இவற்றில் ஒன்று இருந்தாலும் நுரையீரல் அழற்சி என்றே நினைத்துக்கொண்டு அன்றைக்கே கிளம்புங்கள்.

கிளம்பும் முன் கைப்பேசியில் ஒரு நிமிடக் காணொளி எடுத்துவிடுங்கள். மருத்துவமனை மேசையில் ஆமை தண்ணீரில் இருக்காது, சாய்வது தெரியாது. அந்த ஒரு நிமிடம் மருத்துவருக்கு நிறையச் சொல்லும்.

டாக்சியில் கொண்டுபோக, மூடியில் துளையிட்ட பிளாஸ்டிக் பெட்டியில் ஈரத் துண்டு விரித்து வையுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். தெம்பில்லாத ஆமை இரண்டு அங்குலத் தண்ணீரிலும் மூழ்கும். மருத்துவர் இரவுக்குக் கிடைக்கவில்லை என்றால், கால் ஊன்றி நின்றாலே தலை வெளியே தெரிகிற அளவுக்குத் தொட்டியின் தண்ணீரைக் குறைத்து, 28 டிகிரியில் வைத்து, ஏர்கானை அணைத்துவிடுங்கள். மீன்களுக்கு விற்கும் மஞ்சள் நிற மருந்துப் பொடியைத் தண்ணீரில் கலந்தாலும் அது நுரையீரலுக்குப் போய்ச் சேராது. அதில் இரண்டு நாள் வீணாகும், அந்த இரண்டு நாள்தான் முக்கியம்.

அறிகுறி: ஓட்டில் மாற்றம்

*மெல்லிய தகடாக உரிகிறது.* கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் தகடு, கீழே பளபளப்பான புது ஓடு. இது வளர்ச்சி, விட்டுவிடுங்கள். நகத்தால் பெயர்க்க வேண்டாம். உரியாமல் அடுக்கடுக்காகச் சேர்ந்தால் காயும் மேடை போதவில்லை என்று அர்த்தம்.

*வெள்ளைத் திட்டு.* நனைந்தால் மறைந்து, காய்ந்தால் தெரிகிறது என்றால் உப்புப் படிவு, பழைய பல்துலக்கியால் மெல்லத் தேய்த்துவிடலாம். பஞ்சுபோல் இருந்தால் பூஞ்சை. போவிடோன் அயோடினை தே ஓ நிறத்துக்குத் தண்ணீர் விட்டுக் கலக்கித் தடவி, தினமும் சில மணி நேரம் ஈரமில்லாத பெட்டியில் காயவிட்டு, பிறகு தண்ணீரில் விடுங்கள். குழி விழுந்து, முகர்ந்தால் நாறி, அழுத்தினால் அமுங்கி, அடியில் சிவப்புத் தெரிந்தால் அது அழுகல். சுரண்டி எடுக்கும் வேலை மருத்துவருடையது.

*ஓடு மெத்தென்று இருக்கிறது.* ஓட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் லேசாக அழுத்துங்கள். சில மாதக் குட்டிக்கு ஓரம் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அதைத் தாண்டிய ஆமைக்கு வளையக்கூடாது. வளைந்தால் விளக்கைப் பாருங்கள். பெரும்பாலும் மேலே எரிவது மீன் தொட்டிக்கான எல்இடி. வெளிச்சம் தரும், புற ஊதா பி கதிர் தராது. அந்தக் கதிர் இல்லாமல் கால்சியம் எலும்பில் சேராது. "சன்னல் ஓரமாகத்தான் வைத்திருக்கிறோம், நல்ல வெயில்" என்பவர்களுக்கு: சன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். ஊர்வனவற்றுக்கான விளக்கு வாங்கியவர்களும், அது இன்னும் எரிகிறதே என்று இருந்துவிடக்கூடாது. வெளிச்சம் இருக்கும்போதே கதிர் குறைந்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். விளக்குக்கும் மேடைக்கும் நடுவே கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இருக்கக்கூடாது.

காசில்லாத கதிர் காலை வெயில். ஆமையை உயரமான வாளியில் வைத்து, பாதி நிழல் விழும்படி செய்து, அரைமணி நேரம் பக்கத்திலேயே நில்லுங்கள். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்தால் வெந்துவிடும். பால்கனிக் கம்பி ஓரம் வைக்கவே வைக்காதீர்கள். ஆமை ஏறும். பன்னிரண்டாம் மாடியிலிருந்து ஆமை விழுந்தால் கீழே நடப்பவருக்கும் உயிர் போகும்.

கால்சியத்துக்குப் பறவைக் கடையில் விற்கும் கணவாய் ஓட்டை ஒரு துண்டு மிதக்கவிட்டால் கொறித்துக்கொள்ளும். தாடை இளகியிருந்தாலோ, பின்கால் இழுத்தாலோ, ஓடு ஏற்கெனவே கோணியிருந்தாலோ எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். கோணிய ஓடு திரும்ப நேராகாது, மேலும் கோணாமல் நிறுத்தலாம்.

அறிகுறி: தண்ணீர் கலங்கி நாறுகிறது

வடிகட்டி மீனுக்கானது. ஆமைக்கு, தொட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு மடங்குக்கு என்று போட்ட வடிகட்டி வாங்குங்கள். பஞ்சைக் குழாயடியில் அலசாமல், தொட்டியில் எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். குளோரமின் பட்டால் அழுக்கைத் தின்னும் நல்ல நுண்ணுயிர்கள் செத்துப்போகும். தீனியைத் தனிப் பெட்டியில் கொடுத்தால் பாதி அழுக்கு குறையும். கூழாங்கல்லை எடுத்துவிடுங்கள், விழுங்கவும் செய்யும். கழிவுத் தண்ணீர் கழிப்பறைக்கு, சமையலறைத் தொட்டிக்கு இல்லை. பிறகு சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தொடவிடாதீர்கள். 10 செ.மீ.க்குக் குறைந்த ஆமைகளை விற்க அமெரிக்கா 1975இல் தடைபோட்டதே சால்மோனெல்லாவால்தான்.

பக்கத்தில் வைத்திருக்கும் மாற்று வாளியைக் கவிழ்த்து வையுங்கள். ஆமைத் தொட்டியில் கொசுப் புழு தப்பாது, ஆமையே தின்றுவிடும். சும்மா நிற்கும் வாளித் தண்ணீரில்தான் ஏடிஸ் வளரும், சுற்றுப்புற வாரிய அதிகாரி அதைத்தான் எட்டிப் பார்ப்பார். மின்தூக்கி அருகே புகையடிப்பு அறிவிப்பு ஒட்டியிருந்தால், அந்த நேரத்தில் சன்னலைச் சாத்தி, தொட்டியைத் துணியால் மூடி, காற்றுப் பம்பை அணைத்துவிடுங்கள். பம்பு வெளிப்புகையை இழுத்து நேரே தண்ணீருக்குள் விடும்.

அறிகுறி: நாள் முழுக்கக் கண்ணாடியைச் சுரண்டுகிறது

இடம் போதவில்லை. ஓட்டின் நீளம் ஒவ்வோர் இரண்டரை செ.மீ.க்கும் 40 லிட்டர் என்பது பலரும் வைத்துக்கொள்ளும் கணக்கு. 15 செ.மீ. ஆமைக்கு 240 லிட்டர். தண்ணீர் மட்டுமே 240 கிலோ, அதனால் தொலைக்காட்சி அலமாரிமேல் வைக்க நினைக்காதீர்கள்.

வளர்ந்த பெண் ஆமை பின்காலால் தோண்டுவதுபோல் செய்தால் முட்டை. ஆண் துணை இல்லாமலும் முட்டை வரும், பதற வேண்டாம். ஈரமண்ணும் மணலும் கலந்து 20 செ.மீ. ஆழத்துக்கு ஒரு பெட்டியில் நிரப்பி, அதில் தனியாக விட்டுப் பாருங்கள். துறுதுறுவென்று இருக்கும்வரை காத்திருக்கலாம். சோர்ந்துபோய், முக்கி முக்கிப் பார்த்தும் வரவில்லை என்றால் எக்ஸ்ரே.

அறிகுறி: வாலடியில் ஏதோ வெளியே தொங்குகிறது

கருத்த நிறத்தில் வந்து சில நிமிடத்தில் உள்ளே போனால் ஆண் ஆமையின் உறுப்பு, இயல்புதான். உள்ளே போகவில்லை என்றால் மற்ற ஆமைகளிடமிருந்து உடனே பிரியுங்கள், இரை என்று கடித்துவிடும். சுத்தமான ஈரத்துணியால் காயாமல் பார்த்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். கையால் உள்ளே தள்ளாதீர்கள்.

மருத்துவரைத் தேடும்போது

நாய், பூனை பார்க்கும் எல்லாரும் ஆமை பார்ப்பதில்லை. ஆமை நன்றாக இருக்கும்போதே இரண்டு மூன்று மருத்துவமனைகளை அழைத்து, "ஊர்வன பார்ப்பீர்களா, எந்தக் கிழமை?" என்று கேட்டு எழுதி வையுங்கள். 24 மணி நேர மருத்துவமனை என்றாலும், அன்றிரவு இருக்கும் மருத்துவர் ஆமை பார்ப்பவரா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஆலோசனைக் கட்டணமே ஆமை வாங்கிய விலையைப்போல் பல மடங்கு வரும். இதை வாங்கும் அன்றே மனத்தில் போட்டுவைத்தால் அப்புறம் அதிர்ச்சி இருக்காது. போகும்போது காணொளி, விளக்கின் பெட்டியையும் தீவனப் பொட்டலத்தையும் எடுத்த படம், எடை எழுதிய தாள் இவை கையில் இருக்கட்டும்.

அறிகுறி: ஆமை நலம், வளர்ப்பவருக்கு அலுத்துவிட்டது

இதுவும் நடப்பதுதான், வெட்கப்பட ஒன்றுமில்லை. பிள்ளை பல்கலைக்கழகம் போய்விடும், வீடு மாறும். ஆனால் நீர்த்தேக்கத்திலோ பூங்காக் குளத்திலோ விடுவது சட்டப்படி குற்றம். விசாக தினத்தில் புண்ணியம் என்று விட்டாலும் குற்றம்தான். வட அமெரிக்காவிலிருந்து வந்த இந்த ஆமை, உலகில் மிக மோசமாக ஊடுருவும் 100 உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. வீட்டுத் தீனியிலேயே வளர்ந்தது வெளியே பிழைக்காமல் போகலாம், பிழைத்தால் இங்குள்ள ஆமைகளின் இடத்தைப் பிடிக்கும்.

நண்பர்கள் வட்டத்தில் கேளுங்கள், வாங்கிய கடையில் கேளுங்கள், விலங்குநல அமைப்புகளில் கேளுங்கள். ஆமையை மட்டும் கொடுக்கிறேன் என்றால் யாரும் வரமாட்டார்கள். தொட்டி, வடிகட்டி, விளக்கு எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுப்பதாகச் சொல்லுங்கள், வீட்டுக்கு வந்து தூக்கிப் போக ஆள் கிடைப்பார்.